சிசுக்களைக் காத்த அப்கார் அம்மையார்

பிள்ளை பிறந்ததும் அழுததா என்று கேட்பது நம் தோட்டத்து மூதாட்டியர் வழக்கம். அக்கேள்விக்கு ஓர் அளவுகோல் தந்தவர் வர்ஜீனியா அப்கார் அம்மையார்.

1909இல் அமெரிக்காவிற் பிறந்த அம்மையார், சத்திரசிகிச்சை பயின்று, பின் மயக்கமருந்து வைத்தியரானார். அந்நாளில் பிரசவ அறையில் தாய்க்கிருந்த கவனிப்பு சிசுவுக்கு இல்லை. துவண்டு பிறந்தவை பல மடிந்தன. 1952இல் அம்மையார் ஒரு முறை வகுத்தார். பிறந்து ஒரு நிமிடத்தில் இருதயத்துடிப்பு, சுவாசம், தசைவலு, தூண்டினால் அசைவு, மேனிநிறம் ஐந்துக்கும் தலா 2 புள்ளி, மொத்தம் 10. ஐந்தாம் நிமிடத்தில் மீண்டும் பார்ப்பர். குறைந்த எண் தலைவிதியன்று. உடனே கவனிக்கவேண்டுமென்ற எச்சரிக்கையே.

1974இல் அம்மையார் மறைந்தார். வட்டவளைப் பிள்ளைக்கும் நியூயோர்க் பிள்ளைக்கும் அளவுகோல் ஒன்றே. ஆயின் அளந்து காக்க ஆள் வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரை நேரத்தோடு வைத்தியசாலை சேர்ப்பது இளைஞராகிய நம் கடமை.