தாவர நூலறிஞர் லின்னேயஸ்

மரஞ்செடி கொடிகளை வகுத்துப் பெயரிட்ட பேரறிஞருள் தலைசிறந்தவர் கார்ல் லின்னேயஸ் ஆவர். இவர் 1707-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ராசுல்ட் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மூத்த புதல்வராய்ப் பிறந்தனர். மகனும் குருத்தொழிலையே மேற்கொள்ளல் வேண்டுமென்பது பெற்றோர் விருப்பம். அவருள்ளமோ தந்தையாரது பூந்தோட்டத்தில் படிந்து நின்றது. வறுமையோடு போராடி மருத்துவம் பயின்று, 1741-இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயினர்.

அக்காலத்தில் ஒரு செடியைக் குறிக்க ஒரு நீண்ட தொடரே வேண்டியிருந்தது. 1753-இல் வெளியிட்ட பெருநூலில் இவர் இருசொற் பெயர்முறையை நிலைநாட்டினர். அந்நூலிற் பாப்ளர் மரங்கள் ஐந்து இனங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை இலையின் வடிவும் மேற்பரப்புங் கொண்டு பிரித்தறிந்தார். இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு போர்த்தது வெண்பாப்ளர். இருபுறமும் வழுவழுப்பாயது நடுங்கு பாப்ளர். முக்கோணமாய் நுனி கூர்ந்தது கரும்பாப்ளர்.

ஆயினும், கேசரங்களை எண்ணியே வரிசை வகுத்தமையால், இரண்டு கேசரமுடைய வில்லோ மரத்தையும் எட்டுடையதெனக் கொண்ட பாப்ளரையும் வெவ்வேறு வரிசையில் வைக்க நேர்ந்தது. தம்முறை செயற்கையானதென்பதை அவரே உணர்ந்து, இயற்கை முறையொன்றை நாடி உழைத்தனர். பின்வந்தோர் அவ்விரு மரங்களையும் ஒரே குடும்பத்திற் சேர்த்தனர்; இக்காலத்து மரபணு ஆராய்ச்சியும் அதனையே வலியுறுத்துகின்றது.

இவர் மாணவருள் ஒருவராகிய கோனிக் 1768-இல் மருத்துவராய்த் தரங்கம்பாடிக்கு வந்து நம் நாட்டுச் செடிகளையும் ஆராய்ந்தனர். லின்னேயஸ் 1778-இல் உயிர் நீத்தார். அவர் வகுத்த வரிசைகள் மறைந்தன. இட்ட பெயர்களோ நிலைபெற்றன. தாம் கட்டிய முறையின் குறையைத் தாமே கண்டு, மேலும் உண்மையை நாடிய அவர்தம் நேர்மையே மாணவராகிய நாம் போற்றிப் பயிலத்தக்கது.