ஒற்றைக் கை விஞ்ஞானி சம்னர்

நொதி என்றதும் நமக்கு எச்சிலில் இருக்கும் அமைலேஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் நொதி என்பது என்ன பொருள் என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கை இல்லாதவர் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஜேம்ஸ் சம்னர் 1887-ல் அமெரிக்காவில் கேன்டன் என்ற ஊரில் பிறந்தார். 17 வயதில் வேட்டைக்குப் போனபோது கூட வந்தவரின் குண்டு பட்டு இடது கையை எடுத்துவிட்டார்கள். அவரோ இடது கைப் பழக்கம் உள்ளவர்! எல்லாவற்றையும் வலது கையால் புதுசாகப் பழகினார். டென்னிஸ்கூட விளையாடினார்.

ஹார்வர்டில் மேலே படிக்கப் போனார். ஒரு கையை வைத்துக்கொண்டு வேதியியலில் தேற முடியாது என்றார் பேராசிரியர் ஃபோலின். சம்னர் கேட்கவே இல்லை. 1914-ல் முனைவர் ஆகிவிட்டார்.

பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. ஜாக் பீன் என்று ஒரு அவரை, நம்ம தம்பட்டங்காய்க்குச் சொந்தம். அதன் விதையில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அதை மட்டும் தனியாகப் பிரிக்க 1917-ல் ஆரம்பித்தார். 9 வருஷம் ஆனது! ஆய்வகத்தில் ஐஸ் பெட்டிகூட இல்லை. ஆல்கஹால் கலந்த சாற்றை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எப்போது குளிரும் என்று காத்திருப்பாராம். 1926-ல் ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோன் சேர்த்து, வடிகட்டி, ஒரு ராத்திரி குளிரில் வைத்தார். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிப் படிகங்கள்! கரைத்துப் பார்த்தார், யூரியாவை வேகமாக உடைத்தது. படிகமோ சுத்தமான புரதம். அப்போ நொதி என்பது புரதம்தான்!

யாரும் லேசில் நம்பவில்லை. நோபல் பரிசு வாங்கிய ஜெர்மனியின் வில்ஸ்டேட்டரே இல்லை என்றார். 1930-ல் நார்த்ராப் பெப்சினையும் படிகமாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1946 நோபல் பரிசில் பாதி சம்னருக்கு, மீதி நார்த்ராப்புக்கும் ஸ்டான்லிக்கும். 1955-ல் சம்னர் காலமானார்.

புரதம் என்பதால் நொதிக்கு ஒரு கஷ்டமும் உண்டு. முட்டை வெள்ளைக்கரு வெந்து போகிற மாதிரி சூடு பட்டால் கெட்டுவிடும். தண்ணீரில் கரைந்துவிட்டால் திரும்ப எடுப்பதும் சிரமம். அதனால் இப்போது விஞ்ஞானிகள் யூரியேஸை இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் மேல் ஒட்ட வைக்கிறார்கள். துகள் சின்னதாக ஆக ஆக மொத்தப் பரப்பு கூடும், நிறைய நொதி ஒட்டும். பிடிமானம் கிடைப்பதால் அது சீக்கிரம் உருக்குலையாது. வேலை முடிந்ததும் காந்தத்தை வைத்து இழுத்து, கழுவி, மறுபடியும் உபயோகிக்கலாம். ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைக்கும் யூரியேஸ்தான் உதவுகிறது.

– 9-ஆம் வகுப்பு மாணவி