தெரேசம்மாளும் அவள் அக்காளும்

சிறிய புஷ்பம் என்று நாம் வாஞ்சையோடு அழைக்கும் அர்ச். தெரேசம்மாளுக்கு மாலை சூட்டுகிறோம். சிறுவயதில் அவள் ஒன்றரை வருஷம் பட்ட உபாதையை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

1873-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவள், நாலரை வயதில் தாயை இழந்தாள். தகப்பனார் மக்களோடு லிசியே பட்டணத்தில் குடியேறினார். இரண்டாம் அக்காள் 1882-ல் கார்மேல் மடம் புகுந்தபின், மூத்த அக்காளும் ஞானத்தாயுமான மரியம்மாளே அவளுக்கு ஆதரவானாள்.

1885 மே மாதம் ஞான ஒடுக்கத்தின்போது சஞ்சலம் பிடித்தது. அற்ப நினைவும் பாவமாகத் தோன்றிற்று. தினமும் மரியம்மாள் தலைமயிரைச் சுருட்டிவிடும் வேளையில், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லுவாள். சொன்னதும் ஆறுதல் வரும், மின்னல்போல் மறையும், பயம் திரும்பும். பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்லலாமென்றும் அக்காளே தீர்மானித்தாள். ஆகையால் குருவானவருக்கே இந்த உபாதை தெரியாதிருந்தது.

1886 அக்டோபர் 15-ல் மரியம்மாளும் மடம் புகுந்தாள். கேட்க ஆளில்லாத தெரேசம்மாள், குழந்தைப் பருவத்தில் மரித்த தன் நான்கு உடன்பிறப்புகளை நோக்கி மன்றாடினாள். சீக்கிரமே சமாதானம் உண்டாயிற்று. சர்வேசுரனுக்கு அஞ்சி நடுங்கிய அச்சிறுமியே, பிற்பாடு அவரைப் பிள்ளையைப்போல் நம்பும் வழியை உலகத்துக்குப் போதித்தாள். 1897-ல் 24 வயதில் மரித்தாள். 1925-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றாள்.

அவளுக்கு இருந்தது இன்ன நோய் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். ஆனால் இதைப் போன்ற துன்பம் எண்ணச் சுழற்சி நோயிலும் உண்டென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் வீட்டார் செய்வது ஒன்றே. தாய் ஓயாமல் கை கழுவினால் மகள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். மகன் பூட்டை மறுபடி பார்க்கத் திரும்பினால் தகப்பனும் கூடவே நடக்கிறார். நம் வீடுகளில் பாவப் பயம், அயல்வீட்டில் தீட்டு, மற்றொரு வீட்டில் தொழுகைக்குமுன் செய்யும் ஒளு. வேஷம் வேறு, நோய் ஒன்று.

அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆயினும் ஒவ்வொரு தடவை ஆறுதல் சொல்லும்போதும் பயம் ஒரு நிமிஷம் ஓய்ந்து, இன்னும் ஆழமாய் வேரூன்றுகிறது. ஆகையால் ஏசாதீர்கள், பரிகசியாதீர்கள், ஒரேயடியாய்க் கைவிடவும் வேண்டாம். மனநல வைத்தியரின் யோசனைப்படி கொஞ்சங்கொஞ்சமாய்க் குறையுங்கள். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசியில் இலவசமாய் யோசனை கேட்கலாம். பாவப் பயத்தால் வருந்துகிறவர்கள் பல குருக்களிடம் அலையாமல், ஒருவரிடமே ஒளிக்காமல் சொல்லி, அவர் சொற்படி நடக்கட்டும்.

வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. மரியம்மாளின் பொறுமை உங்களுக்கு இருக்கட்டும். அதோடு, மறுபடி மறுபடி கேட்கும் கேள்விக்கு அன்போடு மௌனமாயிருக்கும் தைரியமும் இருக்கட்டும்.