மருமகளின் கிளினிக் கொப்பியில் இருந்த பெயர்: வைத்தியர் தியடோர் ரஸ்முசன்

தம்பி மகளின் கிளினிக் கொப்பியில் அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது, ஏதோ புது மருந்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். அது ஒரு மனிதனின் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பம் கரவனெல்லயில் றப்பர் பால் வெட்டிய குடும்பம். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனோம். 2009இல் முகாமிலிருந்து வெளியே வந்து, பெரியம்மாவின் லயத்துக்கே திரும்பினோம். தம்பி மகள் போரின் கடைசிக் காலத்தில் பிறந்தவள். ஆறு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஷெல் சத்தத்தில் பயந்த குழந்தை என்றார்கள் சிலர். பேய்க் குணம் என்று நூல் கட்டினார்கள் சிலர். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஆனால் அவளுடைய இடது கை தூக்கத்திலும் துடித்துக்கொண்டே இருந்தது. மாதங்கள் போகப் போக அந்தக் கை பலமிழந்தது. மருந்தைக் கூட்டியும் வலிப்பு நிற்கவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு வைத்தியர் ரஸ்முசன் மூளை அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்.

யார் இந்த ரஸ்முசன்?

1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர் தியடோர் ரஸ்முசன். மூளைச் சத்திரசிகிச்சை பழகுவதற்காகக் கனடாவின் மொன்றியல் நகருக்குப் போனார். நம் உறவுகள் பலர் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த அதே மொன்றியல்தான். அங்கே வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் திறந்த நரம்பியல் நிறுவனம், வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சையில் உலகப் பெயர் பெற்றிருந்தது. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ரஸ்முசன் அமெரிக்க இராணுவ வைத்தியராக இந்திய–பர்மா போர்முனையில் பணியாற்றினார். பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1954இல் மொன்றியலுக்குத் திரும்பி, 1960 முதல் 1972 வரை அந்த நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார்.

மூளையில் ஏற்படும் தழும்பு வலிப்பை உண்டாக்கும் என்பது அன்றே தெரிந்த விடயம். தலையில் ஷெல் சிதறல் பட்ட நம்மவர் பலருக்கு இன்று வலிப்பு வருவதும் அதனால்தான். ஆனால் மொன்றியலுக்கு வந்த சில குழந்தைகளின் கதை வேறாக இருந்தது. அவர்களுக்கு அடிபடவில்லை, கட்டியும் இல்லை. நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் துடித்தது, பிறகு அந்தப் பக்கமே பலமிழந்தது. சத்திரசிகிச்சையில் எடுத்த மூளைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அங்கே தழும்பு மட்டும் இருக்கவில்லை. அழற்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது. 1958இல் ரஸ்முசன், ஒல்ஷெவ்ஸ்கி, லொயிட்-ஸ்மித் மூவரும் மூன்று நோயாளிகளின் விபரங்களைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நோய்க்கு ரஸ்முசனின் பெயர் நிலைத்துவிட்டது.

வைரஸ்தான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். அப்படி ஒரு வைரஸ் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. உடலைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்களே மூளையின் ஒரு பாதியைத் தாக்குகின்றன என்பதே இன்றைய விளக்கம். மிக அரிதான நோய் இது. ஸ்டீரொய்ட் போன்ற மருந்துகள் சிலருக்கு அதன் வேகத்தைக் குறைக்கும். வலிப்பை நிறுத்தும் உறுதியான வழி, பாதிக்கப்பட்ட மூளைப் பாதியை அகற்றுவது அல்லது மற்றப் பாதியிலிருந்து துண்டிப்பது.

அரை மூளை என்றதும் தம்பி கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் ரஸ்முசனின் வாழ்க்கையில் இன்னொரு பகுதியை அறிந்தேன். மூளைப் பாதியை முழுதாக எடுத்த சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, வெற்றிடத்தில் இரத்தம் கசிந்து ஆபத்து ஏற்பட்டது. வலிப்பு நின்றது போதும் என்று ரஸ்முசன் இருந்துவிடவில்லை. மூளையின் ஒரு பகுதியை இரத்த ஓட்டத்தோடு உள்ளேயே விட்டு, அதன் தொடர்புகளை மட்டும் வெட்டிவிடும் முறையை 1970களில் உருவாக்கினார். இன்று செய்யப்படும் துண்டிப்புச் சிகிச்சைகள் அந்த வழியில் வந்தவை. 2002இல் அவர் காலமானார்.

இதைத் தம்பிக்குப் பலமுறை சொன்னேன். கை நிரந்தரமாகப் பலவீனமாகும், இரு கண்களின் பார்வையிலும் இடது பாதி போகும் என்று வைத்தியரும் மறைக்காமல் சொன்னார். எட்டு மாதம் கழித்து அவன் கையெழுத்திட்டான். மகள் இப்போது சற்று இழுத்து நடக்கிறாள். இடது கையால் பொத்தான் போட முடியாது. ஆனால் வலிப்பு இல்லை, பள்ளிக்கூடம் போகிறாள்.

வலிப்பு வரும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பும் வாயில் கரண்டியும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். ஒரே கை அல்லது ஒரே கன்னம் நாட்கணக்கில் துடித்தால் நூல் கட்டிக் காத்திருக்க வேண்டாம். நாங்கள் அப்படிக் காத்திருந்து ஒன்றரை வருடத்தை இழந்தோம்.