திக்கிப் பேசுற குழந்தையை அதட்டுறீங்களா? வெண்டல் ஜான்சன் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

கையில மாவுக்கட்டு போட்டா திக்குவாய் சரியாகிடும்னு யாராவது சொன்னா நம்புவீங்களா? 1920-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதை நம்பினாங்க. இடது கையைப் பழக்கினால் மூளை ஒழுங்காகி பேச்சும் சரியாகும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி வலது கையில் கட்டோடு திரிந்த மாணவர்தான் வெண்டல் ஜான்சன். பேச்சு திருந்தவே இல்லை.

1906-ல் கான்சாஸ் மாகாணத்தில் ராக்ஸ்பரி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ஐந்தாறு வயதில் ஓர் ஆசிரியர், இவனுக்குத் திக்க ஆரம்பிக்குது என்று பெற்றோரிடம் சொன்னார். அன்றிலிருந்து தன் பேச்சைப் பற்றிய கவலை அவரை விடவே இல்லை. 1926-ல் அயோவாவுக்கு வந்தவர், 1931-ல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, திக்குவாய் ஆராய்ச்சியிலேயே இறங்கிட்டார்.

அவருடைய கருத்து இதுதான்: பேசக் கத்துக்கிற எல்லாக் குழந்தையும் தடுமாறும். பெரியவங்க அதுக்கு ‘திக்குவாய்’னு பெயர் வைக்கும்போதுதான் குழந்தை பயந்துபோய் நிஜமாகவே திக்குது.

இதைச் சோதிக்க அவர் எடுத்த வழிதான் கொடுமை. 1939-ல் டேவன்போர்ட் நகர அநாதை இல்லத்தில், அவர் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி 22 குழந்தைகளிடம் ஆய்வு செய்தார். நல்லாப் பேசிக்கிட்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உங்க பேச்சு சரியில்லைனு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அவங்க திக்குவாய் ஆகலை. ஆனா, பேசவே கூச்சப்பட்டு ஒடுங்கிப்போனாங்க.

அந்த ஆய்வு வெளியிடப்படவில்லை. ஜான்சன் சின்னக் குழந்தைகளின் பெற்றோரைச் சந்தித்து, திக்கல் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்து 1959-ல் புத்தகமாக்கினார். 1965-ல் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 59. அயோவா பல்கலைக்கழகத்தின் பேச்சு, செவித்திறன் மையம் அவர் பெயரைத் தாங்கியது. 2001-ல் பத்திரிகை ஒன்று அநாதை இல்ல ஆய்வை அம்பலப்படுத்த, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா மாகாணம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

ஜான்சன் சொன்னது முழுக்கச் சரியில்லை. திக்கலுக்கு மரபணுவும் மூளை வளர்ச்சியும் காரணம்னு இன்றைய ஆராய்ச்சிகள் சொல்லுது. அதனால பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லிக்க வேண்டாம். ஆனா, குறை சொல்லிச் சொல்லியே ஒரு குழந்தையின் வாயை அடைச்சிடலாம் என்பதற்கு அந்த ஆறு பேரே சாட்சி.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள்தான் திக்கல் ஆரம்பிக்கும். நிறைய குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிடும். அதனால நாக்கில் வசம்பு தேய்க்கிறது, திரும்பச் சொல்லச் சொல்லி அதட்டுறது, பேசிக் காட்டிக் கிண்டல் பண்றது எதுவும் வேண்டாம். போனைக் கீழே வெச்சிட்டு, குழந்தை சொல்லி முடிக்கிற வரை காது கொடுங்க. நீங்க நிதானமாப் பேசுங்க.

ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சாலோ, பேசும்போது குழந்தை முகத்தைச் சுளிச்சுத் திணறினாலோ, பேசவே தயங்கினாலோ காத்திருக்காதீங்க. பெரம்பலூர், அரியலூர் மாதிரி மாவட்டங்களில் இருக்கிறவங்க, அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். இதுக்குன்னு சென்னைக்கு பஸ் ஏறணும்னு முதல்லயே மலைச்சுப் போகாதீங்க.