சர் ஜான் வேன்: வலிநிவாரணி மருந்துகளின் செயல்முறையைக் கண்டறிந்தவர்

சிறுநீரகக் கல் வலியுடன் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வருவோருக்குப் பெரும்பாலும் முதலில் அளிக்கப்படுவது டைக்ளோஃபெனாக் போன்ற ஊசி மருந்தாகும். இது மார்ஃபின் போன்ற அபின்வகை மருந்தன்று. எனவே வீரியம் குறைந்த மருந்தைக் கொடுத்துவிட்டனர் என உறவினர் சிலர் கவலையுறுகின்றனர். அக்கவலை தேவையற்றது என்பதற்கான அறிவியல் அடிப்படையை அளித்தவர் ஆங்கிலேய மருந்தியல் அறிஞர் சர் ஜான் வேன்.

இவர் 1927 மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் வோர்செஸ்டர்ஷயரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பெற்றோர் அளித்த வேதியியல் சோதனைப் பெட்டியைக் கொண்டு சமையலறையில் செய்த சோதனை வெடித்து, புதிதாகப் பூசிய வண்ணம் பாழானது. தந்தை தண்டிக்கவில்லை, தோட்டத்தில் ஒரு மரக்கொட்டகை அமைத்துக் கொடுத்தார். ஆயினும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றபோது அத்துறையில் அவருக்குச் சலிப்பே ஏற்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹெரால்டு பர்ன் என்பவரிடம் மருந்தியல் பயிலச் சென்றதே அவரது வாழ்வின் திருப்பமாயிற்று.

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது வலியை எவ்வாறு தணிக்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்படவில்லை. லண்டனில் பணியாற்றிய வேன், 1971ஆம் ஆண்டு கினிப்பன்றியின் நுரையீரல் திசுவைக் கொண்டு இதற்கு விடை கண்டார். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதை ஆஸ்பிரினும் அதன் வகை மருந்துகளும் தடுக்கின்றன. இதற்காக 1982இல் சுவீடன் அறிஞர்களான பெரிஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கல் அடைக்கும்போது சிறுநீரகத்தில் இப்பொருள் மிகுதியாகச் சுரந்து, இரத்த ஓட்டத்தையும் உள்ளழுத்தத்தையும் உயர்த்துகிறது. டைக்ளோஃபெனாக் அச்சுரப்பையே குறைக்கிறது. மார்ஃபின் வலியுணர்வை மட்டுமே மாற்றுகிறது. பித்தப்பைக் கல் வலிக்கும் இவ்வகை மருந்துகள் பயன்படுகின்றன. எல்லா வயிற்று வலிக்கும் இவை பொருந்தா.

இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், நீரிழப்பின்போது சிறுநீரகத்திற்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே வழியில் வருகின்றன. இரைப்பையைக் குறைவாகப் பாதிக்கும் வகையில் பின்னர் உருவாக்கப்பட்ட ரோஃபெகாக்சிப், மாரடைப்பு அபாயம் காரணமாக 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 19 அன்று வேன் காலமானார்.

ஆகவே குடற்புண், சிறுநீரக நோய், இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருப்பின், அல்லது இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின், ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்கவும். அவர் பாராசிட்டமாலை நரம்பு வழியாகச் செலுத்துவது போன்ற மாற்று வழியைத் தேர்ந்தெடுப்பார். வீட்டில் ஏற்கெனவே வலி மாத்திரை உட்கொண்டிருந்தால், அதன் அட்டையையும் உடன் கொண்டு வரவும்.