ராக்கி மார்சியானோ: குட்டைக் கை, கனத்த அடி

ஜிம்மில் குத்துப் பை மாட்டினால் பிள்ளைகளுக்குள் முதலில் வருவது ஒரே சண்டைதான்: யார் பலமாக அடிக்கிறார்கள்? புஜம் பெருத்தவன்தான் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுவார்கள். பல நேரம் தோற்றுப்போவார்கள். ஏன் என்று புரிய, இந்த இதழில் ராக்கி மார்சியானோவின் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்று ஓர் ஊர். செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போனது. அங்கே 1923 செப்டம்பர் 1 அன்று இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஒன்றரை வயதில் நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய பாடு. அப்பா முதல் உலகப் போரில் காயம்பட்டவர். அதற்குப் பிறகு செருப்புத் தொழிற்சாலையிலேயே உழைத்து ஓய்ந்தார். அந்த வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்பதில் மகன் உறுதியாக இருந்தார்.

முதல் ஆசை பேஸ்பால். 1947-இல் சிகாகோ கப்ஸ் அணியின் தேர்வுக்குப் போனார். பந்தைத் துல்லியமாக எறிய வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராணுவத்தில் இருந்தபோது பழகிய குத்துச்சண்டைதான் மிச்சம்.

அதிலும் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். உயரம் 5 அடி 10 அங்குலத்தை ஒட்டி. எடை சுமார் 83 கிலோ. இரண்டு கைகளையும் விரித்தால் 68 அங்குலம்தான். ஹெவிவெயிட் வீரர்களில் இவ்வளவு குறைவானவர்கள் மிகச் சிலரே. நிற்கத் தெரியாது, கால் எங்கெங்கோ போகும். 24 வயதில் தொடங்குவதும் தாமதம். ஆனால் நியூயார்க்கின் கிழப் பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன், அந்த வலது கையில் இருந்ததைக் கவனித்தார்.

கோல்ட்மன் செய்த வேலை காலில்தான் தொடங்கியது. அகலமாகப் பரப்பி வைத்த பாதங்களை நெருக்கினார். இன்னும் குனிந்து நின்று, எதிராளியின் கைகளுக்குள் புகுந்து அடிக்கப் பழக்கினார். அடியின் பலம் புஜத்திலிருந்து வருவதில்லை. பின்கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, உடம்பின் எடை முழுவதும் கடைசியில் முஷ்டிக்கு வந்து சேர்கிறது. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அது வெறும் கைவீச்சு. குனிந்த நிலையிலிருந்து எழும்பி அடிப்பதால் மார்சியானோவுக்குத் தொடையின் பலமும் கூடவே கிடைத்தது. நீச்சல் குளத்தில் இறங்கித் தண்ணீருக்குள் குத்திப் பழகினார். நாள் தவறாமல் மைல் கணக்கில் ஓடினார். முதல் சுற்றில் இருந்த வேகம் கடைசிச் சுற்றிலும் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தப் பலத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1949 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கில் 20 வயது கார்மைன் விங்கோவை ஆறாவது சுற்றில் வீழ்த்தினார். விங்கோ எழவில்லை. மூளையில் ரத்தக்கசிவு, பிழைப்பாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. மார்சியானோ மருத்துவமனைக்கு ஓடினார். குத்துச்சண்டையையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். விங்கோ உயிர் பிழைத்தார். ஆனால் மறுபடி கையுறை மாட்ட முடியவில்லை. ஓராண்டு கழித்து மார்சியானோவின் கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தார்.

1951 அக்டோபரில் எதிரே நின்றவர், மார்சியானோ போற்றி வந்த ஜோ லூயி. வயது 37, பழைய வேகம் இல்லை. எட்டாவது சுற்றில் லூயி கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். ஜெயித்த மார்சியானோ பிறகு உடைமாற்றும் அறையில் அழுதார்.

1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. உலகப் பட்டத்துக்காக ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதல். முதல் சுற்றிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்தான் முன்னிலை. நாக் அவுட் ஒன்றுதான் வழி. 13-ஆவது சுற்றில் வால்காட் கயிற்றோரம் ஒதுங்கினார். இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை வீசினார்கள். மார்சியானோவின் கை ஓரடி தூரம்கூடப் போயிருக்காது. ஆனால் அதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது. வால்காட் ஒரு கை கயிற்றில் தொங்க, மெல்லச் சரிந்தார். குட்டைக் கை என்று சிரித்தவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது: கிட்டத்தில் நின்று அடிப்பவனுக்குக் குறுகிய பாதைதான் லாபம். எதிராளி முன்னால் வரும் நொடியில் அடித்தால், அவன் வேகமும் அடியோடு சேர்ந்துகொள்ளும்.

பட்டத்தை ஆறு முறை காத்துக்கொண்டார். 1956-இல், 32 வயதில், தானாகவே விலகினார். 49 போட்டி, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். 1969 ஆகஸ்ட் 31 அன்று அயோவா மாநிலத்தில் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்தார். மறுநாள் அவருக்கு 46-ஆவது பிறந்த நாள்.

நம் பிள்ளைகள் பை குத்த ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். புஜத்தைப் பார்க்காமல் முதலில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விங்கோவின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் தலையில் குத்திப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். பை வாங்கிக்கொள்ளும், தலை வாங்காது.